பளபளக்கும் பொட்டலத்தில் பழைய இலை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு சாத்தான்குளம் வட்டாரத்து மானாவாரி நிலங்களின் பக்கம் போனால், நீலம் கலந்த பச்சை இலையும் மஞ்சள் பூவுமாக நிற்கும் ஒரு குறுஞ்செடியைக் காணலாம். பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்று அதன் இலையை உருவிச் சாக்கில் போட்டுக்கொண்டிருப்பார்கள். உள்ளூரில் இதனை 'அவுரி' என்கிறார்கள். உருவிய இலையை நிழலில் மெல்லிய படுகையாகப் பரப்பிக் காயவைத்து மூட்டை கட்டுவார்கள். மூட்டைகள் தூத்துக்குடி வணிகர்களிடம் சென்று, அங்கிருந்து பல அயல்நாடுகளுக்குக் கப்பலேறுகின்றன.

இனி நகரத்துக் கடை ஒன்றுக்குள் நுழைவோம். அலமாரியில் அழகான வண்ணப் பொட்டலங்கள் இருக்கின்றன. 'உடல் சுத்திகரிப்புத் தேநீர்', 'வயிற்றைத் தட்டையாக்கும் மூலிகைத் தேநீர்' என்றெல்லாம் அவற்றின் மேல் எழுதியிருக்கிறது. இத்தகைய பொட்டலங்கள் சிலவற்றைத் திருப்பிப் பின்புறத்துச் சிறிய எழுத்துகளைப் படித்தால், சேர்மானப் பட்டியலில் 'சென்னா இலை' என்ற பெயர் தென்படும். மானாவாரி நிலத்தில் உருவப்பட்டதும் தேநீர்ப் பையில் இருப்பதும் ஒரே இனத்துச் செடியின் இலைதான்.

உலகெங்கும் மருந்தாக மதிக்கப்படும் இந்த இலை, நாள்தோறும் பருகும் தேநீராக மாறியது எப்படி? அதனால் நன்மையா, தீமையா? இதனை அறிந்துகொள்ள, அண்மை ஆண்டுகளில் உலகைக் கலக்கிய ஒரு நோயிலிருந்து தொடங்க வேண்டும்.

கொள்ளைநோயும் நலச் சந்தையும்

கொரோனா நச்சுயிரியால் வந்த கோவிட்-19 நோயை 2020 மார்ச் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அந்த நோய் பற்றிய உலக நெருக்கடி நிலை முடிவுக்கு வந்ததாக 2023 மே 5 அன்று அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் மக்களின் பேச்சே மாறிவிட்டது. 'நோய் எதிர்ப்பு சக்தி' என்னும் சொல் மருத்துவ நூல்களிலிருந்து இறங்கி மளிகைக் கடைக்கு வந்தது. விரல் நுனியில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிசன் அளவைப் பார்க்கும் கருவி வீடுகளுக்குள் நுழைந்தது. தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் பார்த்து யோகாசனம் பழகுவது வழக்கமாயிற்று. தமிழ்நாட்டில் 2020 ஏப்ரல் முதல் அரசே கபசுரக் குடிநீரை மக்களுக்கு வழங்கியது.

நோயைக் கண்டு அஞ்சியவர் தம் உடலைப் பேண முற்படுவது இயல்பு, நல்லதும் கூட. ஆனால் அச்சம் இருக்கும் இடத்தில் வணிகமும் தழைக்கும். உடற்பயிற்சிக் கூடம், சத்துணவுப் பொருள், அழகுப் பொருள், நலச் சுற்றுலா முதலிய அனைத்தையும் சேர்த்து 'நலத் தொழில்' என்று இன்று கணக்கிடுகிறார்கள். இத்துறையின் புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் உலக நல ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஊரடங்கு காலமான 2020-இல் ஏறத்தாழ 4.4 லட்சம் கோடி டாலராகச் சுருங்கியிருந்த இத்தொழில், 2023-இல் 6 லட்சம் கோடி டாலரைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

இந்தச் சந்தையில் விற்கப்படும் வாக்குறுதிகளுள் மூன்று முக்கியமானவை: எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிறோம், உடலின் கழிவை நீக்குகிறோம், எடையைக் குறைக்கிறோம். பின் இரண்டு வாக்குறுதிகளுக்குத்தான் நம் ஊர் இலை பயன்படுகிறது.

தேரிக்காட்டு ஓரத்துப் பயிர்

தாமிரபரணி பாயும் நிலப்பகுதி நெல்லுக்கும் வாழைக்கும் பெயர்பெற்றது. ஆனால் அந்த ஆற்றுப் பாசனத்தைத் தாண்டித் தெற்கே வந்தால் காட்சி மாறிவிடும். செம்மணல் மேடுகளான தேரிகளும் பனங்காடுகளும் உடைமரங்களும் நிறைந்த வறண்ட பூமி அது. திருச்செந்தூருக்கு மேற்கே உள்ள சாத்தான்குளம் இந்த நிலத்தைச் சேர்ந்தது. 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும் வரை இது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. மழையை நம்பி வாழும் இவ்வூர்க்காரர்களுக்குக் குறைந்த நீரில் வளரும் பயிர்களே துணை.

அத்தகைய பயிர்தான் நிலாவாகை. நூல்களில் சூரத்து நிலாவாகை என்றும் நிலாவிரை என்றும் குறிப்பர். நம் வேலியோரத்து ஆவாரைக்கு இது நெருங்கிய உறவு. இரண்டும் 'சென்னா' என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இதன் தாவரவியல் பெயர் சென்னா அலெக்சாண்ட்ரினா. பழைய நூல்களில் காசியா அங்கஸ்டிஃபோலியா என்று இருக்கும். 'சென்னா' என்பது 'சனா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு எச்சரிக்கை: நீலச் சாயம் எடுக்கும் செடிக்கும் தமிழில் அவுரி என்றே பெயர். பெயர் ஒன்றானாலும் இரண்டும் வெவ்வேறு செடிகள். நாட்டு மருந்து வாங்குவோர் இதை மறக்கலாகாது.

அரேபியப் பகுதியிலும் வடகிழக்கு ஆப்பிரிக்காவிலும் இயல்பாக வளரும் இச்செடி, அரபு நாடுகளுடன் நடந்த கடல் வணிகத்தின் வழியே இந்தியாவுக்கு வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையில் ஹியூஸ் என்னும் வணிகர் இதைப் பெருமளவில் பயிரிட்டு ஏற்றுமதி செய்தார். இலையின் தரம் உயர்ந்திருந்ததால் ஐரோப்பிய மருந்து நூல்களில் 'டின்னவெல்லி சென்னா' என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆங்கிலேயர் திருநெல்வேலியை உச்சரித்த விதத்தில், நம் ஊர்ப் பெயர் இன்றும் உலக மருந்துக் கடைகளில் ஒலிக்கிறது.

விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முதல் பறிப்பு. பின்னர் ஒரு மாத இடைவெளியில் மேலும் பறிக்கலாம். தட்டையான காய்களுக்கும் விலை உண்டு. பூப்பதற்கு முன் பறிக்கும் இளம் இலையில் மருந்துச் சத்து மிகுதி. காயவைப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும். ஈரத்தோடு குவித்தால் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். நிழலில் நன்கு உலர்ந்து மஞ்சள் கலந்த பச்சை நிறத்தோடு இருந்தால்தான் நல்ல விலை. இப்பயிருக்கென்றே கே.கே.எம்.1 என்ற ரகத்தைக் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி உருவாக்கித் தந்துள்ளது.

இலைக்குள் இருப்பது என்ன?

நிலாவாகை இலையின் வேலையைச் செய்பவை 'சென்னோசைடு' எனப்படும் வேதிப்பொருள்கள். காய்ந்த இலையில் இவை சுமார் 2 முதல் 3 சதவீதம் உள்ளன. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆர்தர் ஸ்டோல் என்ற வேதியியலாரும் அவருடைய குழுவினரும் 1940-களில் இவற்றைத் தனியே பிரித்து அமைப்பை ஆராய்ந்தனர்.

சென்னோசைடு மூலக்கூறு ஒரு பூட்டிய பெட்டி போன்றது. அதன் நடுவே மருந்துப் பகுதி இருக்கிறது. இருபுறமும் குளுக்கோசு எனும் சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சர்க்கரை ஒட்டியுள்ள நிலையில் அது குடலைத் தூண்டுவதில்லை. இரைப்பையின் அமிலமோ சிறுகுடலின் செரிமானச் சாறுகளோ இந்தப் பூட்டைத் திறப்பதில்லை. ஆகவே பெட்டி திறக்கப்படாமலேயே சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்கு வந்து சேருகிறது.

பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. திறவுகோல் அவற்றிடம் இருக்கிறது. அவை சர்க்கரையை வெட்டியெடுத்து, எஞ்சிய பகுதியை 'ரெயின் ஆந்த்ரோன்' என்னும் பொருளாக மாற்றுகின்றன. இதுவே உண்மையான மருந்து. இரவில் விழுங்கிய மாத்திரை உடனே வேலை செய்யாமல் விடியற்காலையில் வேலை செய்வதன் காரணம் இதுதான். பெருங்குடலுக்குப் பயணம் செய்யவும் பூட்டுத் திறக்கவும் 6 முதல் 12 மணி நேரம் ஆகிறது.

குடலில் நடப்பது

நாம் உண்ணும் உணவின் சத்துகள் எங்கே உறிஞ்சப்படுகின்றன என்பதை மாணவர்கள் பாடநூலில் படித்திருப்பார்கள். மாவுப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவற்றின் பெரும்பகுதி, ஆறேழு மீட்டர் நீளமுள்ள சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பெருங்குடலின் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். நாள்தோறும் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை நீர்மப் பொருள் அங்கு வந்து சேருகிறது. அதிலுள்ள நீரையும் உப்புகளையும் உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தை மலமாக இறுக்குவதே அதன் தலையாய பணி.

ரெயின் ஆந்த்ரோன் இப்பணியில் இரண்டு விதமாகக் குறுக்கிடுகிறது. பெருங்குடல் தசைகளைத் தூண்டி, உள்ளிருப்பதை விரைவாக முன்னே தள்ளச் செய்கிறது. குடற்சுவர் நீரை உறிஞ்சுவதைக் குறைத்து, நீரைக் குடலுக்குள்ளேயே தங்கவும் சுரக்கவும் வைக்கிறது. இறுகிய மலம் இளகி வெளியேறுகிறது.

மலச்சிக்கலால் துன்புறுவோருக்கு இது பெரும் உதவி. வலி நீக்க மருந்தாக மார்ஃபின் பெறும் புற்றுநோயாளிகளுக்குக் கடும் மலச்சிக்கல் ஏற்படுவதுண்டு. அவர்களுக்குச் சென்னா மாத்திரையே பெரும் ஆறுதல். உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் 7.5 மில்லிகிராம் சென்னா மாத்திரை இடம்பெற்றிருக்கிறது. சாத்தான்குளம் உழவர்கள் பெருமைப்பட வேண்டிய செய்தி இது.

எடை குறைகிறதா?

கல்லூரி மாணவி ஒருத்தி மெலிய வேண்டும் என்று விரும்பி, நாள்தோறும் இரவில் இந்தத் தேநீரைக் குடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் இரண்டு மூன்று முறை வயிறு கழிகிறது. எடைப்பொறியில் ஏறினால் ஒரு கிலோ குறைந்திருக்கிறது. அவளுக்கு மகிழ்ச்சி. தேநீர் பலித்துவிட்டது என்று தோழியரிடமும் சொல்கிறாள்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடலில் சேர்ந்துள்ள ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறக்குறைய 7,700 கலோரி ஆற்றல் அடங்கியுள்ளது. அவள் ஒரு நாளைக்கு உண்பது 2,000 கலோரி எனக் கொண்டால், ஏறத்தாழ நான்கு நாள் முழுப் பட்டினி கிடந்தால்தான் அவ்வளவு கொழுப்பு கரையும். ஓர் இரவில் அது எப்படிக் கரையும்? கரையவில்லை என்பதே உண்மை. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. எடைப்பொறி காட்டிய குறைவு, உடலை விட்டுப் போன நீரும் மலமும்தான். தாகம் தீரத் தண்ணீர் குடித்துச் சாப்பிட்டதும் முள் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

சத்து உறிஞ்சப்படும் இடம் சிறுகுடல். இலை வேலை செய்யும் இடம் பெருங்குடல். உணவின் கலோரிகள் உடலுக்குள் போன பிறகே மருந்து விழித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 1983-இல் வெளியான ஓர் ஆய்வு இதனை அளந்தே காட்டியது. வேறொரு பேதி மருந்தை மிக அதிக அளவில் உட்கொண்டு பல லிட்டர் பேதியான போதும், உடல் உறிஞ்சிய கலோரி 12 சதவீதம் அளவுக்கே குறைந்தது. அத்தனை துன்பத்துக்கும் கிடைத்த பலன் இவ்வளவுதான் என்றால், ஒரு கோப்பைத் தேநீரால் கொழுப்பு கரையும் என்பதை எப்படி நம்புவது?

கழிவு எங்கே தேங்குகிறது?

'உடலில் தேங்கிய நச்சுகளை வெளியேற்றும்' என்று விளம்பரங்கள் கூறுகின்றன. எந்த நச்சு, எங்கே தேங்கியது, எவ்வளவு வெளியேறியது என்று அவை சொல்வதில்லை.

உடலில் கழிவு உண்டாவது உண்மை. அதை நீக்க உடல் தானே ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது. கல்லீரல் பல நச்சுப் பொருள்களைத் தீங்கற்றவையாக மாற்றுகிறது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவைச் சிறுநீராக விடுகின்றன. நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. குடலின் உட்புற உயிரணுக்களும் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. ஆண்டுக்கணக்கான அழுக்கு ஒட்டிப் படிவதற்கு அது வீட்டுச் சாக்கடைக் குழாய் அன்று.

கல்லீரலும் சிறுநீரகமும் பழுதுற்றால் தேநீர் அவற்றின் வேலையைச் செய்யாது. அவை நன்றாக இருந்தால் அந்தத் தேநீர் தேவையில்லை.

நாள்தோறும் குடித்தால்

பேதியாகும்போது நீரோடு உப்புகளும் போய்விடுகின்றன. அவற்றுள் முக்கியமானது பொட்டாசியம். தசைகள் சுருங்குவதற்கும் இதயம் சீராகத் துடிப்பதற்கும் இது இன்றியமையாதது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பேதி மருந்தை உட்கொண்டால் பொட்டாசியம் குறைந்து, கைகால் தளர்ச்சி, தசைப்பிடிப்பு, மயக்கம் ஆகியவை தோன்றலாம். கடுமையான நிலையில் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீர் பெருக்கும் மாத்திரையோ டிஜாக்சின் என்ற இதய மருந்தோ உட்கொள்வோருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

நெடுநாள் உட்கொண்டோரின் பெருங்குடற் சுவர் கரும்பழுப்பு நிறமாக மாறுவதை மருத்துவர்கள் உள்நோக்குக் கருவியால் காண்கின்றனர். மருந்தை நிறுத்திச் சில மாதங்களில் இந்நிறம் மறையக்கூடியது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு முறை குடல் முழுவதும் காலியானால் மறுபடி நிறைய இரண்டொரு நாள் ஆகும். அந்த இடைவெளியை மலச்சிக்கல் என்று எண்ணிச் சிலர் மறுபடியும் மருந்தை நாடுகின்றனர். இவ்வாறே பழக்கம் உருவாகிறது.

ஆகவேதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் மூலிகை நூல், மருத்துவர் ஆலோசனையின்றி இதனை ஒன்றிரண்டு வாரங்களுக்கு மேல் உட்கொள்ளலாகாது என்கிறது. குடலடைப்பு, காரணம் தெரியாத வயிற்றுவலி, குடல் அழற்சி உள்ளவர்கள் தொடவே கூடாது. கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் மருத்துவர் சொல்லாமல் உட்கொள்ளலாகாது. மாத்திரையில் மருந்தின் அளவு எழுதியிருக்கும். தேநீர்ப் பையிலோ, இலை எவ்வளவு, எத்தனை நிமிடம் கொதித்தது என்பதைப் பொறுத்து அளவு மாறிக்கொண்டேயிருக்கும்.

முன்னோர் வகுத்த வரம்பு

'இது நம் பாரம்பரியம்தானே? நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுக்கவில்லையா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் வீடுகளில் பேதிக்குச் சாப்பிடுவது ஒரு நிகழ்ச்சியாகவே இருந்தது. அதற்கென ஒரு நாளைக் குறித்து, வெறும் வயிற்றில் மருந்து கொடுத்து, பிறகு மோரும் ரசஞ்சோறும் தந்து ஓய்வெடுக்கச் செய்வார்கள். சித்த மருத்துவ நூல்களும் பேதி மருந்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை என்றே வரையறுத்துள்ளன. நாள்தோறும் குடிக்கச் சொல்லவில்லை. அளவு, காலம், பத்தியம் என்ற மூன்று வேலிகளையும் பிடுங்கி எறிந்துவிட்டு, இலையை மட்டும் பையில் அடைத்துப் பாரம்பரியம் என்று விற்பது பொருந்துமா?

எதிர்ப்பு சக்தி விஷயத்திலும் இதே தவறு நடந்தது. கபசுரக் குடிநீர் பதினைந்து சரக்குகள் சேர்ந்த கசாயம். சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, சீந்தில், நிலவேம்பு முதலியவை அதில் உண்டு. கபசுரத்துக்கென ஏற்பட்ட அம்மருந்தின் பயனைக் கோவிட் காலத்தில் சிறு அளவிலான சோதனைகளில் ஆராய்ந்தனர். உறுதியான முடிவுக்குப் பெரிய சோதனைகள் தேவை. ஆனால் அரசு மருத்துவர் கூறிய நாள் கணக்கை மறந்து, மாதக்கணக்கில் பலவகைக் கசாயங்களைக் குடித்தவர்களும் உண்டு. சீந்திலைத் தொடர்ந்து உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக 2021-இல் மும்பை மருத்துவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அவர்கள் உண்டது உண்மையான சீந்தில்தானா, அதைப் போன்ற வேறு கொடியா என்று மத்திய ஆயுஷ் அமைச்சகம் கேள்வி எழுப்பியது. எந்தப் பக்கம் சரியானாலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது: மூலிகையை அடையாளம் கண்டு, அளவறிந்து உண்ண வேண்டும்.

எதிர்ப்பு சக்தி என்பது தொட்டியில் நீர் நிரப்புவதுபோல நிரப்பக்கூடிய ஒன்றன்று. வெள்ளணுக்களும் எதிர்ப்பொருள்களும் பல வேதிச் செய்திகளும் சேர்ந்து இயங்கும் நுட்பமான படை அது. தேவைக்கு மேல் அது சீறினால் உடலையே தாக்கும். ஒவ்வாமையும் சிலவகை மூட்டுவாதமும் அப்படி வருபவையே. கோவிட் முற்றிய நோயாளிகள் பலரின் உயிரைக் காத்தது எது தெரியுமா? எதிர்ப்புச் செயலை அடக்கும் டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்து. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்ததை 2020 சூனில் பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. 'கூட்டு, இன்னும் கூட்டு' என்ற விளம்பர வாசகம் எவ்வளவு மேலோட்டமானது என்பது இதனால் விளங்கும்.

கருப்பட்டியும் முருங்கையும்

நலச் சந்தை சாத்தான்குளம் பக்கத்துப் பிற பொருள்களையும் தேடி வந்திருக்கிறது. அருகிலுள்ள உடன்குடியின் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்ற சிறப்புடையது. அதன் மணமும் சுவையும் தனி. வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத சில தாது உப்புகள் அதில் ஓரளவு உள்ளன. ஆனால் 'நீரிழிவுக்காரரும் தாராளமாக உண்ணலாம்' என்று சிலர் சொல்வது தவறு. பதநீரின் இனிப்புக்குக் காரணம் சுக்ரோசு; கரும்புச் சர்க்கரையும் அதே சுக்ரோசுதான். கருப்பட்டியின் பெரும்பகுதி சர்க்கரையே. பனையேறிக்கு நல்ல விலை கொடுத்து வாங்குவோம், அளவோடு உண்போம்.

முருங்கை இலைத்தூள் இன்று அயல்நாடுகளில் விலையுயர்ந்த சத்துப்பொருளாக விற்கிறது. தமிழ்நாடு அரசின் முருங்கை ஏற்றுமதி மண்டலத்தில் தூத்துக்குடி மாவட்டமும் சேர்ந்திருக்கிறது. இரும்பு, சுண்ணாம்புச் சத்து, புரதம், வைட்டமின் 'ஏ'-யாக மாறும் நிறமி ஆகியவை முருங்கைக் கீரையில் நிறைந்திருப்பது உண்மை. இது நல்ல உணவு, மந்திர மருந்தன்று. கொல்லையில் மரம் உள்ளவர் டப்பாவில் அடைத்த தூளைத் தேடிப் போக வேண்டியதில்லை. உலர்த்தும்போது அழிந்துவிடும் வைட்டமின் 'சி' பச்சைக் கீரையில் மிகுதியாக இருக்கிறது.

பொட்டலத்தைத் திருப்பிப் பார்ப்போம்

உடல்நலப் பொருள் எதை வாங்கினாலும் முதலில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கும் வழக்கத்தை மாணவர்கள் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் படித்துக் காட்ட வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே.

உள்ளே இருப்பது என்ன? நிலாவாகை பல பெயர்களில் ஒளிந்திருக்கும். சென்னா, சனாய், சோனாமுகி, சுவர்ணபத்ரி என்பன யாவும் இதுவே. 'இயற்கை மூலிகைகள்' என்று மட்டும் எழுதி விவரம் தராத பொட்டலத்தைக் கீழே வைத்துவிடலாம்.

எவ்வளவு இருக்கிறது? எத்தனை நாள் உட்கொள்ள வேண்டும்? மருந்தென்றால் இவ்விரண்டுக்கும் விடை இருந்தே தீரும். 'தினமும் பருகுங்கள்' என்று சொல்லும் பேதி மருந்து நம்பத்தக்கதன்று.

யாருக்கு ஆகாது? எந்த மருந்துக்கும் ஆகாதவர் உண்டு. 'எல்லோருக்கும் ஏற்றது, பக்க விளைவே இல்லை' என்ற வாசகத்தைக் கண்டால் ஐயுறுங்கள்.

என்ன வாக்குறுதி தருகிறது? சில நோய்களையும் நிலைகளையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத்தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் உடற்பருமனும் அடங்கும்.

நாள்பட்ட மலச்சிக்கல் உள்ளவர்கள் முதலில் நீரும் கீரையும் பழமும் சிறுதானியமும் சேர்த்துக்கொண்டு, நாள்தோறும் நடந்து பார்க்கலாம். தீராவிட்டால் மருத்துவரிடம் செல்வதே முறை. சித்த மருத்துவத்தை நாடுவோருக்கு இவ்வட்டாரத்திலேயே, 1964 முதல் இயங்கும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், திடீரென மாறிய மலப்போக்கு ஆகியவை தோன்றினால் தேநீர் குடித்துக் காலம் கடத்தலாகாது. பெருங்குடற் புற்றுநோய் போன்ற நோய்களின் அறிகுறிகளாகவும் அவை இருக்கக்கூடும்.

இறுதியாக உழவரைப் பற்றி ஒரு சொல். இவ்விலையின் தவறான பயன்பாட்டைக் குறை கூறுவது, இதைப் பயிரிடுவோரைக் குறை கூறுவதாகாது. மழை பொய்த்த ஆண்டிலும் ஓரளவு கைகொடுக்கும் பயிர் இது. மருந்தாக இதன் மதிப்பு நூற்றாண்டு கடந்தும் குறையவில்லை. ஆனால் மெலிவு மோகத்தை நம்பி வளரும் சந்தை, மோகம் மாறினால் ஒரே நாளில் சரியும். மக்கள் கெட்டுப்போனால் அவர்கள் பழிப்பது இலையைத்தான்; பொட்டலம் கட்டியவர் வேறு சரக்குக்கு மாறிக்கொள்வார், விதைத்தவர் மாற முடியாது. இலையின் நல்ல பெயர் காக்கப்படுவதில் சாத்தான்குளத்து உழவருக்கும் பங்கு உண்டு.

அடுத்த முறை கடையில் அந்தத் தேநீரைக் கண்டால், பின்புறத்துச் சிறிய எழுத்துகளில் நம் ஊர் இலையைத் தேடிப் பாருங்கள். அருகில் யாராவது அதை வாங்கக் கை நீட்டினால், அது எந்தக் குடலில் வேலை செய்கிறது என்று சொல்லிப் பாருங்கள்.